வண்டிக்குள் இரண்டாவது சிலிண்டர்

நமது வட்டாரத்துக்கும் சமையல் கேஸுக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. துறைமுகங்களிலிருந்தும் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் பாட்டிலிங் பிளாண்டுகளுக்குக் கேஸ் சுமக்கும் டேங்கர் லாரிகளில் ஏராளமானவை நாமக்கல் பகுதியைச் சேர்ந்தவை. தென் மண்டல எல்.பி.ஜி. டேங்கர் லாரி உரிமையாளர்களின் சங்கமே நாமக்கல்லில்தான் இருக்கிறது. 2025 மார்ச் மாதக் கடைசியில் அந்த லாரிகள் சில நாட்கள் வேலைநிறுத்தத்தில் நின்றபோது தென் மாநிலங்கள் முழுவதும் சிலிண்டர் கிடைக்குமா என்று கவலைப்பட்டார்கள். டன் கணக்கில் கேஸைப் பத்திரமாகக் கொண்டு போய்ச் சேர்க்கத் தெரிந்த ஊர் நம்முடையது. ஆனால் 19 கிலோ சிலிண்டர் ஒன்றை வண்டிக்குள் எங்கே வைப்பது, இரண்டாவது சிலிண்டரை அதோடு எப்படி இணைப்பது என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர், "ஒரு டி-பைப் போட்டா முடிஞ்சுது" என்று சொல்லிவிடுவோம். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

இது மளிகைக்காரர்களுக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். வண்டியில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் எல்லாருக்கும் அரிசி, பருப்பு போடுகிறவர்கள் நாம்தான். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று போர் போடப் போகும்போது மூன்று மாதச் சாமான் நம் கடைகளில்தான் ஏறுகிறது. பைபாஸ் ஓரம் நிற்கும் டிபன் வேன்கள், சபரிமலைக்கும் காசிக்கும் சமையல்காரரோடு கிளம்பும் யாத்திரை வேன்கள், இப்போது வசதியுள்ள பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் கேரவன் என்ற நடமாடும் வீடு ஆகிய எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதிச் சரக்குக் கொடுக்கிறோம். சீட்டின் கடைசியில் அவர்கள் வாய்விட்டுக் கேட்பது ஒன்று உண்டு: "ஒரு சிலிண்டர் எச்சா ஏற்பாடு பண்ண முடியுங்களா?" அந்தக் கேள்விக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம் என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சேலம் லீ பஜாரில் கடை. 1977-ல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் தகப்பனார் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். அன்று முதல் ரிக் வண்டிக்காரர்கள் எங்களுக்கு வாடிக்கை. அப்போதெல்லாம் அவர்கள் சப்போர்ட் லாரியில் டிரில் ராடுகளோடு விறகும் பம்ப் ஸ்டவ்வும் மண்ணெண்ணெய் டின்னும் ஏற்றிக்கொண்டு போவார்கள். பின்னால் கேஸ் வந்தது. பன்னிரண்டு, பதினைந்து ஆட்களுக்கு இரண்டு வேளைச் சோறு வடிக்க வேண்டும் என்பதால் ஓட்டலில் இருக்கிற பட்டி அடுப்பையே லாரியில் வைத்துக்கொண்டார்கள்.

2011 ஐப்பசி மாதம் ஒரு ரிக் முதலாளி கடைக்கு வந்தார். இருபத்தைந்து வருஷத்துப் பழக்கம். பாக்கி ஒரு நாளும் தங்கியதில்லை. "ஏனுங்க மொதலாளி, அங்க போனா சிலிண்டர் கெடைக்கறது செரமமுங்க. உங்க வூட்ல ரெண்டு சிலிண்டர்ல ஒண்ணு சும்மாதானுங்க கெடக்குது. தை மாசம் வந்து குடுத்தர்றனுங்க" என்றார். வணிகச் சிலிண்டர் ஒன்று அவரிடம் இருந்தது. இரண்டாவதாக ஒன்று வாங்கினால் டெபாசிட்டும் கட்ட வேண்டும், விலையும் அதிகம். பழகிய முகத்துக்காக என் வீட்டுச் சிவப்புச் சிலிண்டரைக் கொடுத்தேன். மூட்டை தூக்கும் பையனை விட்டு நானே லாரியில் ஏற்றச் சொன்னேன். என் மனைவி மட்டும், "பொண்ணு வீட்டுக்காரங்க பொங்கலுக்கு வர்றாங்க, அதுக்குள்ள வந்துருமா?" என்று கேட்டாள். வேறு கேள்வி யாரும் கேட்கவில்லை.

மார்கழியில் மத்தியப் பிரதேசத்தில் ஒரு கிராமத்துக்கு வெளியே வண்டி நின்றிருந்தது. அங்கே அந்த மாதத்துக் குளிர் நம் ஏற்காட்டுக் குளிரைவிட மோசம். ஆட்கள் சப்போர்ட் லாரியின் தளத்திலேயே படுத்திருந்தார்கள். பனி இறங்காமல் இருக்க நாலு பக்கமும் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அடுப்பும் இரண்டு சிலிண்டரும் அதே தளத்தின் பின்கோடியில். விடியற்காலை ஐந்து மணிக்குச் சமையல்காரர் டீக்குத் தண்ணீர் வைத்தார். தீ சுரத்தில்லாமல் எரிந்தது. என் வீட்டுச் சிலிண்டர் காலி என்று நினைத்தார். இரண்டு சிலிண்டரும் ஒரே டி-பைப்பில் இணைந்திருந்தன. மற்றதைத் திறந்துவிட்டார். தீ எழுந்தது. டீ நிற்க வேண்டாமே என்று அடுப்பை அணைக்காமலேயே காலிச் சிலிண்டரின் தலையிலிருந்து அடாப்டரைக் கழற்றினார்.

கழற்றிய அடாப்டர் வழியாக மற்றச் சிலிண்டரின் கேஸ் சீறிக்கொண்டு வந்தது. என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. காலிச் சிலிண்டரின் வால்வுதான் சீறுகிறது என்று எண்ணி அதன் மூடியைத் தேடியிருக்கிறார். அந்தச் சில நொடிகளில் கேஸ் தளத்தோடு பரவி அடுப்பை எட்டிவிட்டது. இரண்டு கால்களும் முழங்கை வரை கைகளும் வெந்து போயின. தூங்கிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேருக்குக் கம்பளியோடு தீப்பிடித்து லேசான காயம். ஒரு டிரைவர் சமயோசிதமாகத் தார்ப்பாயை அறுத்துவிட்டு, ஈரச் சாக்கைப் போட்டுச் சிலிண்டரை மூடியதால் உயிர்ச்சேதம் இல்லை. சமையல்காரர் நாற்பது நாளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

தை மாதம் சொன்னபடி சிலிண்டர் திரும்பி வந்தது. ஏதோ தோன்றி அதைக் கடைத் தராசில் வைத்தேன். கழுத்து வளையத்தில் காலி எடை 15.8 கிலோ என்று அடித்திருந்தது. தராசு 18.9 காட்டியது. மூன்று கிலோவுக்கு மேல் கேஸ் உள்ளேயே இருந்திருக்கிறது. காலி இல்லாத சிலிண்டரைக் காலி என்று கழற்றப் போய்த்தான் அந்த மனிதர் வெந்தார். சிலிண்டர் யாருடையது என்று என்னை யாரும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் வீட்டுச் சிலிண்டரை வணிகத்துக்குக் கொடுத்தவன் என்று அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் நானும் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். சமையல்காரரின் ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டேன் என்பதைச் சொல்லிக்கொள்வதில் பெருமை ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு ஓட்டல்களுக்குக் கேஸ் பைப் வேலை செய்யும் ஒரு ஃபிட்டரை ரிக் முதலாளியும் நானும் பிடித்து உட்கார வைத்து, எங்கே தவறு என்று கேட்டோம். அவர் சொன்னதையும், இந்தப் பதினைந்து வருஷத்தில் நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

முதல் விஷயம், சிலிண்டர் ஏன் காலி போலத் தோன்றியது. உள்ளே இருப்பது திரவம். அது கொதித்து ஆவியாகித்தான் அடுப்புக்கு வருகிறது. நமக்கு வரும் கேஸ் புரொபேன், பியூட்டேன் என்ற இரண்டின் கலவை. புரொபேன் பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரியிலும் ஆவியாகும். பியூட்டேனோ பூஜ்யத்தை ஒட்டிய குளிரிலேயே ஆவியாவதை நிறுத்திக்கொள்ளும். அதனால்தான் குளிர் தேசங்களில் கேரவன் வண்டிக்காரர்கள் தனிப் புரொபேன் சிலிண்டரையே வைத்துக்கொள்கிறார்கள். நம் கலவைச் சிலிண்டர் சேலத்து வெயிலில் குறைவின்றி வேலை செய்யும். வடக்கே மார்கழிக் காலையில் மந்தமாகிவிடும். அதோடு பட்டி அடுப்பு வீட்டு அடுப்பைப் போலப் பல மடங்கு கேஸை உறிஞ்சுவது. வேகமாக ஆவியாகும்போது சிலிண்டர் தானே குளிர்ந்து, வெளியே பனி பூக்கும். ஆக, வெளிக்குளிரும் உள்குளிரும் சேர்ந்து அழுத்தத்தை இறக்கிவிட்டன. இந்தச் சமயத்தில் சிலர் சிலிண்டரைச் சுற்றி வெந்நீர் ஊற்றுவார்கள், அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்துவார்கள். இன்னும் சில வீரர்கள் படுக்க வைத்து உருட்டுவார்கள். படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாயில் வரும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். பர்னரில் தீ ஆளுயரம் எழும்புவது இதனால்தான். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். ஓடும் வண்டியிலும் நிமிர்ந்தே போக வேண்டும்.

இரண்டாவது சிலிண்டர் வைப்பதில் நியாயம் இருக்கிறது என்று இதிலிருந்து தெரியும். இரண்டும் சேர்ந்து கொடுத்தால் ஒவ்வொன்றும் பாதி வேகத்தில்தான் ஆவியாக வேண்டும், குளிர்ந்து போகாது. தீர்ந்துவிடும் என்ற பயமும் இல்லை. ஆகவே இரண்டாவது சிலிண்டரே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை.

தவறு டி-பைப்பில் இருந்தது. வெறும் டி-பைப் போட்டால் இரண்டு சிலிண்டரும் ஒரே பாத்திரம் போல ஆகிவிடுகின்றன. ஒன்றைக் கழற்றினால் மற்றதன் கேஸ் கழற்றிய வாய் வழியாக வந்துதானே தீர வேண்டும்? இதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு சிலிண்டரின் குழாயிலும் நான்-ரிட்டர்ன் வால்வு போடுவது. கேஸைச் சிலிண்டரிலிருந்து அடுப்புப் பக்கம் மட்டும் விடும், திரும்ப விடாது. ஓட்டல்களில் சுவரோரம் இருக்கும் மேனிஃபோல்டு பைப்பில் இது இருக்கும். லாரியில் மட்டும் இந்தச் சின்ன வால்வுக்குச் செலவு செய்ய யாருக்கும் மனம் வருவதில்லை.

குழாயிலும் பிழை. சிலிண்டருக்குள் வெயில் நேரத்தில் இருக்கும் அழுத்தம் லாரி டயரில் இருக்கும் காற்றழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட சமம். வீட்டு ரெகுலேட்டர் அதை 30 மில்லிபாராக, அதாவது ஓர் அடி உயரத் தண்ணீரின் அழுத்தம் அளவுக்கு இறக்கித்தான் அடுப்புக்கு அனுப்புகிறது. வீட்டு ரப்பர் குழாய் அந்த ஓரடித் தண்ணீர் அழுத்தத்துக்காகச் செய்தது. ரெகுலேட்டர் இல்லாமல் அடாப்டரை மாட்டி, அதே ரப்பர் குழாயில் டயர் அழுத்தத்தை விட்டால் என்ன ஆகும்? ரெகுலேட்டருக்கு முன்னால் வருவது கம்பிப் பின்னல் போட்ட உயர் அழுத்தக் குழாயாகத்தான் இருக்க வேண்டும். பிக்டெயில் என்று கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். ரெகுலேட்டருக்குப் பின்னால் உள்ள கடைசி மூன்றடிக்கு மட்டும் ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாய் போதும். அதிலும் ஐ.எஸ். 9573 என்ற முத்திரை இருக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு மேல் எந்தக் குழாயையும் வைத்திருக்கக் கூடாது. வண்டி குலுங்கும் என்பதால் இரண்டு வருஷத்தில் மாற்றிவிடுவது என் கட்சி.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை இடம். கேஸ் காற்றைவிடக் கனம். புரொபேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. அது மேலே போகாது; தண்ணீர் போலத் தரையில் தேங்கும். ஜன்னல் திறந்திருக்கிறதே என்று நாம் இருப்போம், முழங்கால் உயரத்துக்குக் கேஸ் நின்றிருக்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். தார்ப்பாயை இழுத்துக் கட்டிய லாரித் தளம் ஒரு தொட்டிக்குச் சமம்.

கேஸில் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலப்பது நாம் மோந்து கண்டுபிடிப்பதற்காகத்தான். ஆனால் படுத்துத் தூங்குகிறவன் மூக்கு வேலை செய்யாது. சளி பிடித்தவன் மூக்கும் செய்யாது. மிளகாய் மண்டியில் நாற்பது வருஷம் உட்கார்ந்த என் மூக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டில் கேஸ் வாடை அடித்தால் பேரப்பிள்ளைகள்தான் எனக்குச் சொல்கிறார்கள்.

அடுத்த வருஷம் ரிக் முதலாளி புதுச் சப்போர்ட் லாரிக்கு நாமக்கல்லில் பாடி கட்டினார். ஃபிட்டரையும் பட்டறைக்காரரையும் சேர்த்து வைத்துப் பேசினோம். பாடியின் இடது பக்கத்தில், டீசல் டேங்குக்கும் பேட்டரிக்கும் சைலன்சருக்கும் தூரமாக, மூன்றடிக்கு மேல் உயரமும் இரண்டரையடி அகலமும் உள்ள தகரக் கூண்டு ஒன்று. அதன் கதவு வெளிப்பக்கம் மட்டும் திறக்கும். ஆட்கள் படுக்கும் பக்கம் ஓட்டையே இல்லாமல் வெல்டு அடித்து அடைத்தாயிற்று. கூண்டின் அடியில் இரண்டு இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை போட்டு வலை அடித்தோம். கசிந்தால் கேஸ் அந்த வழியாக ரோட்டுக்குப் போய்விடும். மேலைநாட்டுக் கேரவன்களிலும் இதே முறைதான்: சிலிண்டருக்குத் தனி அறை, அதற்கு வெளிக்கதவு, அடியில் ஓட்டை. பட்டறைக்காரர் முதலில் கூண்டை வண்டியின் பின்புறம் வைக்கலாம் என்றார். பின்னால் வருகிறவன் மோதினால் முதலில் அடிவாங்குவது அதுதான் என்று ஃபிட்டர் மறுத்துவிட்டார்.

கூண்டுக்குள் 19 கிலோ வணிகச் சிலிண்டர் இரண்டு, நிமிர்ந்தபடி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பட்டை. ஒவ்வொன்றிலிருந்தும் குட்டைப் பிக்டெயில், நான்-ரிட்டர்ன் வால்வு, பிறகு ஒரு சின்ன மேனிஃபோல்டு, அதில் ஒரே உயர் அழுத்த ரெகுலேட்டர். அங்கிருந்து அடுப்பு வரை இரும்புப் பைப், ஒன்றரையடிக்கு ஒரு கிளாம்பு. தகரத்தை ஊடுருவும் இடத்தில் பைப் உராயாமல் ரப்பர் வளையம். லாரி ஓடும்போது எங்கே தேயும் என்று டிரைவருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்டுத்தான் பைப் போகும் பாதையைப் போட்டோம். அடுப்பைப் படுக்கிற இடத்திலிருந்து எடுத்து, பக்கவாட்டில் இறக்கிவிடும் பலகை மேல், திறந்த வெளிக்குக் கொண்டு வந்தாயிற்று. இணைப்பு முடிந்ததும் சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு மூட்டிலும் பூசி, குமிழி வருகிறதா என்று பார்த்தார் ஃபிட்டர். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற பழக்கம் நம் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. குமிழி காட்டுகிறதைத் தீக்குச்சியும் காட்டும், ஒரே ஒரு தடவை.

வண்டி ஓடும்போது சிலிண்டர் இரண்டும் மூடியிருக்க வேண்டும் என்பது சட்டமாகவே ஆயிற்று. சாப்பாடு முடிந்ததும் அடுப்புக் குமிழை மட்டும் மூடாமல் சிலிண்டர் தலையில் மூடிவிட வேண்டும். மாட்டாத சிலிண்டரின் வாயில் நூலில் தொங்கும் அந்த வெள்ளை மூடியைப் போட வேண்டும். அதை அறுத்தெறிவதில் நம் ஆட்களுக்கு என்ன ஆனந்தமோ தெரியவில்லை.

குடும்பத்தோடு போகிற சின்ன வேனுக்கு இவ்வளவு தேவையில்லை. மேனிஃபோல்டே வேண்டாம் என்பேன். நாலு பேருக்குச் சமைக்க வீட்டு மாதிரி அடுப்பு போதும். அதன் பெரிய பர்னர் முழுதாக எரிந்தால் மணிக்கு ஏறத்தாழ 150 முதல் 200 கிராம் கேஸ் ஆகும். 5 கிலோ சிலிண்டர் ஒன்று 25 மணி நேரத்துக்குக் குறையாமல் வரும். தினம் இரண்டு மணி நேரம் எரித்தால் பன்னிரண்டு நாள். ஒன்று இணைப்பில், இன்னொன்று வாய் மூடி வெளிக்கூண்டில். தீர்ந்தால் அடுப்பை அணைத்து, வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி மாற்றிக்கொள்ள ஐந்து நிமிஷம் ஆகும். இதற்கு மேல் வசதி தேடினால் மூட்டுகளின் எண்ணிக்கைதான் கூடும். வண்டியின் அமைப்பை இப்படி மாற்றுகிறவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்றுப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அதைச் சொல்கிறது. விபத்து நடந்த பின் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் புத்தகத்தைத்தான்.

இதெல்லாம் ரிக் லாரிக்கு மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையத்தருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்ததை எல்லாரும் படித்திருப்போம். ஆகஸ்ட் 17-ல் லக்னோவிலிருந்து கிளம்பி, புனலூர் - மதுரை எக்ஸ்பிரஸில் இணைந்து நாகர்கோவில் பக்கமிருந்து வந்த யாத்திரிகர்கள். ரயில்வே சட்டம் தடுத்திருந்தும் பெட்டிக்குள் சிலிண்டர் இருந்தது. விடியற்காலை டீ போடப் பற்றவைத்தபோது தீப்பிடித்ததாகச் சொன்னார்கள். 9 பேர் இறந்தார்கள். விடியற்காலை, டீ, மூடிய பெட்டி. படித்தபோது எனக்கு வேறொரு லாரிதான் கண் முன் நின்றது.

இன்னொன்று தீயே இல்லாமல் நடந்தது. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கேஸ் அடுப்பும் மூடிய இடத்தில் காற்று போதாமல் எரிந்தால் இதே விஷத்தைத்தான் விடும். குளிருக்கு அடுப்பை எரியவிட்டுப் படுக்கும் வழக்கம் வடக்கே போகும் நம் லாரிகளில் உண்டு. கேஸ் கசிவைச் சொல்லும் அலாரத்தைத் தளத்தை ஒட்டியும், மோனாக்சைடு அலாரத்தைப் படுக்கிறவர் தலை மட்டத்திலும் வைக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. ஒன்றை வாங்கிவிட்டு இரண்டுக்கும் ஆகும் என்று நம்பக் கூடாது.

இனி நம் கடைக்கு வருகிறேன். வீட்டுச் சிலிண்டருக்கு 5 சதம் வரி, வணிகச் சிலிண்டருக்கு 18 சதம். அடக்க விலையிலும் வித்தியாசம். இந்த வித்தியாசம் இருக்கும் வரை சிவப்புச் சிலிண்டரைக் கேட்டு ஆள் வருவது நிற்காது. வாடிக்கை போய்விடும் என்று பயந்து கொடுத்துவிடுகிறோம். நான் கொடுத்த கதையைச் சொன்னேன். அதன் பிறகு யார் கேட்டாலும், "5 கிலோ சிலிண்டர் வாங்கிக்கங்க, இல்லாட்டி 19 கிலோ வாங்கிக்கங்க, டெபாசிட்டுக்கு வேணா நான் கடன் தர்றன்" என்கிறேன். ஒரு வாடிக்கைகூடப் போகவில்லை. எண்ணெய்க் கம்பெனிகள் 5 கிலோ சிலிண்டரை 2013 முதல் முகவரிச் சான்று கேட்காமல், அடையாள அட்டையை மட்டும் பார்த்து விற்கின்றன. பெட்ரோல் பங்குகளில் ஆரம்பித்து மளிகைக் கடைகளுக்கும் வந்துவிட்டது. ஏஜென்சியிடம் பேசி விற்பனை முனையாக நீங்களே எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் 100 கிலோ கேஸ் வரை வைத்துக்கொள்ளத் தனி உரிமம் வேண்டியதில்லை. அதற்காக எண்ணெய் டின்னுக்கும் சாக்குக் கட்டுக்கும் நடுவில் அடுக்கிவிடக் கூடாது. வாசல் ஓரம், காற்றாட, தரைமட்டத்துக்குக் கீழே உள்ள அறை எதுவும் பக்கத்தில் இல்லாத இடம் வேண்டும்.

பாத்திரக் கடைகளில் கிடைக்கும் முத்திரையில்லாத குட்டிச் சிலிண்டருக்குப் பெரிய சிலிண்டரைக் கவிழ்த்துக் கேஸ் மாற்றிக் கொடுக்கிற தொழிலைச் சில சந்துகளில் மளிகைக்காரர்களே செய்வதாகக் கேள்விப்படுகிறேன். பெயர் சொல்ல வரவில்லை. எந்தச் சிலிண்டரையும் பிளாண்டில் விளிம்பு வரை நிரப்புவதில்லை; வெயிலில் திரவம் விரிய இடம் விட்டுத்தான் நிரப்புகிறார்கள். சந்தில் கவிழ்த்து நிரப்புகிறவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. விளிம்பு வரை நிரம்பிய குட்டிச் சிலிண்டர் சித்திரை வெயிலில் ஒரு வேனுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று எடை: காலி எடை சிலிண்டரில் அடித்திருக்கும், அதோடு 5, 14.2 அல்லது 19 கூட்டினால் தராசில் வர வேண்டும். தராசு நம்மிடம் இல்லாமல் யாரிடம் இருக்கும்? மற்றது சோதனைக் கெடு: கழுத்துப் பட்டையின் உள்பக்கம் ஓர் எழுத்தும் வருஷமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். டி-28 என்று இருந்தால் 2028 டிசம்பருக்குள் அதைச் சோதிக்க வேண்டும். கெடு தாண்டியதை வாங்க மறுக்கலாம்.

அந்தச் சமையல்காரர் இப்போது வண்டியில் போவதில்லை. திருச்செங்கோட்டில் மகனோடு சேர்ந்து இட்லிக் கடை வைத்திருக்கிறார். மாதம் ஒரு முறை உளுந்து வாங்க வருவார். விரல்கள் முழுதாக மடங்காததால் கையெழுத்துப் போட நேரமாகும். சிட்டையை நான் பிடித்துக்கொள்வேன். போன மாதம் வந்தபோது ரிக் முதலாளியின் லாரிக்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்தோம். சீட்டை எடுத்து மெதுவாக மேலிருந்து கீழே படித்தார். துவரம் பருப்பு 60 கிலோ, புளி 10, வரமிளகாய் 15, டீத்தூள் 8. கடைசி வரியில் விரலை வைத்து, "சோப்பு அஞ்சு போட்டிருக்கீங்க. இது குளிக்கறதுக்கா, கேஸுக்குங்களா?" என்றார். குளிக்கத்தான் என்றேன். அவரே பேனாவை வாங்கி, கீழே இன்னொரு வரி எழுதினார்: கேஸுக்கு சோப்பு 2.